ஓரமாக வந்தவன்

ஜூன் 3, திங்கள்

சினிமா எடுக்க ஆட்கள் வந்திருக்கிறார்கள். இயேசு படம் இல்லை. நம் ஊர் மாதிரி ஓர் ஊரில் நடக்கிற கதை, கர்த்தருக்குச் சாட்சியான கதை என்று போதகர் சொன்னார். இருபது பேருக்குக் கிட்டச் சமைக்க வேண்டும், பள்ளிக்கூடக் கொட்டகையில் அடுப்பு போட்டுக்கொள், முடியுமா சுகிர்தம் என்று கேட்டார். முடியும் என்றேன். ஒரே ஆளுக்கு அரிசி களைகிறபோதுதான் எனக்குக் கை ஓடுவதில்லை. இருபது பேருக்கு என்றால் ஓடும்.

டைரக்டர் ஒரு பொம்பளைப் பிள்ளை. பெயர் ஜெனிட்டா. பாளையங்கோட்டையில் படித்தவள், இதுதான் முதல் படமாம். வத்தலாக இருக்கிறாள். தலையில் தொப்பி, காலில் பெரிய பூட்ஸ். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க சரின்னு சொன்னதே எனக்குப் போதும் அத்தை. நீங்க வேண்டாம்னா நான் இந்தப் படத்தத் தொட்டிருக்கவே மாட்டேன்.”

கண் கலங்கியிருந்தாள். சமைக்கச் சம்மதித்ததற்கு இவ்வளவா என்று நினைத்தேன். சாம்பார் சுமாராகத்தான் வரும், புளிக்குழம்பு நன்றாக வைப்பேன் என்றேன். சிரித்தாள்.

இந்த டைரியைப் போதகரம்மா கொடுத்தார்கள். மனசில் உள்ளதை எழுது, பாரம் குறையும் என்றார்கள். நான் ஐந்தாம் வகுப்புதான். எழுத்து கோணலாக வருகிறது. யாரும் மார்க் போடப் போவதில்லை.

ஜூன் 4, செவ்வாய்

முருங்கைக்காய் கிடைக்கவில்லை. சினிமாக்காரர்கள் சோற்றைவிட டீதான் அதிகம் குடிக்கிறார்கள்.

ஜூன் 6, வியாழன்

படம் எடுப்பது என்றால் ஆட்டமும் பாட்டும் என்று நினைத்திருந்தேன். பாதி நேரம் சும்மா நிற்கிறார்கள். வெயில் போய்விட்டது என்று ஒரு மணி நேரம், வெயில் வந்துவிட்டது என்று ஒரு மணி நேரம். கேமராக்காரன் பிரின்ஸுக்கு வானத்தைப் பார்த்தே கழுத்து வலித்துவிட்டது. சுக்குத் தட்டிப் போட்டுக் கொடுத்தேன்.

அம்மா வேஷம் போடுகிறது லிடியா டீச்சர். சபைக் கன்வென்ஷன் கூட்டத்து நாடகங்களில் நடிப்பார்களே, அவர்கள்தான். அழு என்றால் அழுகிறார்கள், நிறுத்து என்றால் நிறுத்துகிறார்கள். வலது கண்ணில் மட்டும் கண்ணீர் கொஞ்சம் அதிகமாக வருமாம். “அதுக்கும் ஒரு வரம் வேணும்லா சுகிர்தம்” என்றார்கள். வேண்டும்தான்.

மகன் வேஷத்துக்கு ஜோயல் என்று ஒரு காலேஜ் பையன். அவனுக்குக் கொண்டுவந்த சட்டை தொளதொளவென்று இருந்தது. ஜெனிட்டா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் ஒரு நீலச் சட்டை சும்மாதானே கிடக்கிறது என்று எடுத்துக் கொடுத்தேன். தோள்பட்டை சரியாக இருந்தது. ஜெனிட்டா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பருப்பு அடிப்பிடிக்கிறது, விடு பிள்ளே என்றேன்.

ஜெனரேட்டரும் லைட்டும் ஏற்றி இறக்குகிற லோடு வண்டி பொன்சிங்குடையது. வாடகை வேண்டாம் என்று சொல்லி ஓட்டுகிறானாம். நான் அந்தப் பக்கம் போவதில்லை. அவனும் கொட்டகைப் பக்கம் வருவதில்லை.

அவன் யார் என்பதை எழுதாமல் தாண்டிப் போகப் பார்த்தேன். எழுதிவிடுகிறேன். என் மகன் டைட்டஸ் போன அக்டோபரில் பாடகர் குழுப் பயிற்சி முடிந்து சைக்கிளில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். செம்மண் தேரி ரோட்டில் அந்த வண்டிதான் அவனை அடித்தது. எழுதிவிட்டேன்.

ஜூன் 8, சனி

இன்றைக்குக் கோயிலுக்குள் எடுத்தார்கள். டீ கொண்டுபோனேன். பெண்கள் பக்கம் நடுப்பாதை ஓரத்தில் லிடியா டீச்சர் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தார்கள். பீடத்திலிருந்து ஒரு ஆள் இறங்கி வந்தான். டீச்சருடைய கையைத் தன் இரண்டு கையாலும் பொதிந்தான். டீச்சர் அவனை நிமிர்ந்து பார்த்து, உடம்பெல்லாம் குலுங்க அழுது, “உன்ன மன்னிச்சிட்டேன் மகனே, நீ இனி என் மகன்” என்றார்கள்.

எல்லாரும் கை தட்டினார்கள். அப்புறம் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த வெள்ளைச் சேலை நான். இறங்கி வந்த ஆள் பொன்சிங். அந்த நீலச் சட்டை டைட்டஸ். நான் சமைக்கிற சோற்றைத் தின்றுகொண்டு என் கதையை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அது எல்லாருக்கும் தெரியும், எனக்குத்தான் தெரியாது.

ஜெனிட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். “சரியா இருக்கா அத்தை?”

டீ ஆறுது என்றேன்.

ஜூன் 9, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

எங்கள் கோயிலில் அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்து அன்று சமாதானம் கொடுப்பது கையோடு கை. போதகர் பீடத்தில் ஒருவருடைய கையைப் பொதிந்து சமாதானம் என்பார். அவர் கீழே இறங்கி ஒவ்வொரு வரிசையிலும் ஓரத்தில் இருக்கிறவருக்குக் கொடுப்பார். ஓரத்தில் இருக்கிறவர் பக்கத்து ஆளுக்கு. அப்படியே சுவர் வரை போகும். நடுவில் யாரிடமும் நிற்கக் கூடாது.

டைட்டஸ் போன பிறகு வந்த முதல் திருவிருந்தில் நான் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே தள்ளி உட்கார்ந்தால் மூச்சு முட்டியது. பொன்சிங் சபைக் கமிட்டியில் இருக்கிறவன். சமாதானம் கொண்டுவருகிற முறை அன்றைக்கு அவனுக்கு. மாற்றிவிட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. என் முன்னால் வந்து நின்று கையை நீட்டினான். யார் கை என்று தெரிந்துதான் வாங்கினேன். அது அவனுடைய சமாதானம் இல்லை, பீடத்திலிருந்து வருவது. தபால்காரர் கொண்டுவந்தால் கடிதம் அவர் எழுதியதாகிவிடுமா? எனக்கு அந்தப் பக்கம் ஏழெட்டுப் பெண்கள் காத்திருந்தார்கள். என்னால் அவர்களுக்கு வராமல் போகக் கூடாது என்று வாங்கிப் பக்கத்தில் கொடுத்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அழவும் இல்லை.

ஊர் அதைப் பார்த்துவிட்டு, சுகிர்தம் பொன்சிங்கை மன்னித்துவிட்டாள் என்று முடிவு கட்டியது. போதகர் அதைக் கன்வென்ஷனில் பிரசங்கமாகச் சொன்னார். கூட்டத்தில் இருந்த ஜெனிட்டா கேட்டுவிட்டுப் படமாக்க வந்துவிட்டாள். அந்த அம்மாவுக்குச் சம்மதமா என்று அவள் கேட்டிருக்கிறாள். போதகர் சம்மதம் என்று சொல்லியிருக்கிறார். என்னிடம் அவர் கேட்டது சமையலுக்குத்தான்.

இன்று ஆராதனை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே பேசினேன்.

“எத்தனையோ சபையில உன் சாட்சியச் சொல்லியிருக்கேன் சுகிர்தம். பேசாமக் கெடந்த அண்ணன் தம்பியெல்லாம் கேட்டுட்டுச் சேந்திருக்காங்க. அது கர்த்தர் செய்தது. நீ ஏன் இப்ப கலைக்கே?”

“நீங்க என் கையத்தான் பாத்தீங்கய்யா. என்கிட்ட ஒரு வார்த்த கேக்கலையே.”

அவர் கெட்டவர் இல்லை. டைட்டஸைப் புதைக்கும்போது என்னோடு சேர்ந்து அழுதவர். அதனால்தான் அவரை எதிர்த்துப் பேச எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்தது.

ஜூன் 10, திங்கள்

சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே ஜெனிட்டாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். எனக்குத் தெரியாது, நான் சம்மதிக்கவில்லை, நான் மன்னிக்கவும் இல்லை என்று. அந்தப் பிள்ளைக்கு முகத்தில் ரத்தம் இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நான் உங்க வீட்டுக்கு நேரா வந்து கேட்டிருக்கணும் அத்தை.”

“ஆமா, கேட்டிருக்கணும்.”

படத்தை நிறுத்திவிடவா என்று கேட்டாள். நிறுத்தச் சொல்லவில்லை, வேறு ஒன்று கேட்கிறேன் என்றேன். மகன் சாகிற காட்சியை எப்படி எழுதியிருக்கிறாய் என்றேன். பையன் பாட்டுப் பாடிக்கொண்டு வருகிறான், கவனிக்காமல் சட்டென்று ரோட்டுக்குக் குறுக்கே திரும்புகிறான், டிரைவரால் பிரேக் போட முடியவில்லை. அப்படித்தான் ஊரில் சொன்னார்கள் என்றாள்.

அப்படித்தான் பொன்சிங் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தான். வழக்கும் அப்படியே முடிந்தது. பார்த்தவர்கள் யாரும் இல்லை. ஆனால் நான் சைக்கிளைப் பார்த்தேன். பின் சக்கரம்தான் நசுங்கிச் சப்பையாய்க் கிடந்தது. குறுக்கே திரும்பினவனைப் பின்னாலிருந்தா இடிக்கும்? அதைச் சொன்னேன். பெற்றவள் வேறு எப்படிப் பேசுவாள் என்று என்னைத் தேற்றினார்கள். எம்மகன் ரோடு பார்க்கத் தெரியாமல் செத்தான் என்று இந்த ஊரில் இப்போதும் சின்னப் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்கிறார்கள். டைட்டஸ் மாதிரிக் குறுக்கே போய்விடாதே என்று.

“மன்னிக்கிறது கெடக்கட்டும் பிள்ளே, அது அப்புறம். எம்மவன் ஓரமாத்தான் போனான். அத மாத்தி எடு. நீ குறுக்க விட்டு எடுத்தேன்னா நான் ரோட்டுல வந்து உக்காந்துருவேன்.”

எழுந்து போனாள். மத்தியானம் சாப்பிட வரவில்லை. தட்டில் போட்டு மூடி அனுப்பினேன். சண்டை வேறு, சோறு வேறு.

ஜூன் 12, புதன்

விஷயம் ஊருக்குள் போய்விட்டது. குழாயடியில் ஒரே பேச்சு. என் கொழுந்தன் பெண்டாட்டி ரோஸ்லெட் வேலை மெனக்கெட்டு வந்தாள்.

“சும்மா கெடந்த பேர நீங்களே கெடுத்துக்கிடணுமா மைனி? மன்னிக்கலன்னு வெளிய சொல்லுத மொத கிறிஸ்தவச்சி நீங்கதான்.”

“பொய் சொல்லாத கிறிஸ்தவச்சின்னு வச்சிக்கோ” என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு தேங்காயைத் துருவிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

போதகர் ஜெனிட்டாவைக் கூப்பிட்டுக் கதையை மாற்றினால் மீதிக் காட்சிகளுக்குக் கோயில் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். மன்னிப்பு இல்லாத படத்துக்குக் கோயில் எதற்கு என்று கேட்டாராம். பிரின்ஸ்தான் சொன்னான். மாற்றினால் கோயில் இல்லை, மாற்றாவிட்டால் ரோட்டில் நான். பாவம்தான் அந்தப் பிள்ளை. பாவம் என்பதற்காக நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

சாயங்காலம் அவளே வந்தாள். பூண்டு உரிக்க உட்கார்ந்தாள். நகம் வளர்த்த கை, ஒரு பல்லுக்கு ஐந்து நிமிஷம். படத்தைப் பற்றிப் பேசவே இல்லை. டைட்டஸ் எப்படி இருப்பான் என்று கேட்டாள். இதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை, எப்படிச் செத்தான் என்றுதான் கேட்பார்கள். சொன்னேன். குரல் கட்டை, பாட்டில் கீழ்ச்சுரம்தான் வரும். ஆள் இல்லாத ரோட்டிலும் மணி அடித்துக்கொண்டே வருவான். அது அவன் அப்பா ஓட்டின சைக்கிள். அவர் போனபோது டைட்டஸ் ஆறாவது படித்தான். ஞாயிற்றுக்கிழமை என்றால் அதற்கு எண்ணெய் போட்டுத் துடைக்காமல் கோயிலுக்குக் கிளம்ப மாட்டான்.

குழம்பில் உப்பு கூடிவிட்டது. இரண்டு தடவை போட்டுவிட்டேன் போல.

ஜூன் 14, வெள்ளி

காலையில் இட்லி. மகன் சாகிற காட்சி இன்றைக்குத்தான். பதினொரு மணிக்கெல்லாம் அடுப்பை அணைத்துவிட்டுத் தேரி ரோட்டுக்குப் போனேன். ஒரு சாக்கை மடித்துக் கொண்டுபோயிருந்தேன். நடு ரோட்டில் விரித்து உட்கார்ந்தேன். தார் சுட்டது. ஒருவரும் என்னை எழுப்பவில்லை.

பொன்சிங் வண்டியோடு தூரத்தில் நின்றான். இந்தக் காட்சியிலும் அவனுடைய வண்டிதான், அவன்தான் ஓட்ட வேண்டும். முகம் தெரியாமல் எடுப்பார்களாம். ஜோயல் அந்த நீலச் சட்டையில் சைக்கிளோடு நின்றான். பின்னாலிருந்து பார்த்தால், சரி, அதை எழுதவில்லை.

ஜெனிட்டா என் பக்கத்தில் வந்து குந்தினாள். தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தாள். அப்புறம் எழுந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

“ஜோயல், நீ திரும்ப வேண்டாம். ஓரமாவே நேரா போ. பொன்சிங் அண்ணே, நீங்க பின்னால வரணும்.”

கோயில் என்னம்மா ஆகும் என்று பிரின்ஸ் கேட்டான். கோயில் இல்லாமல் எடுப்போம் என்றாள். நான் சாக்கைச் சுருட்டிக்கொண்டு எழுந்து பக்கவாட்டில் போய் நின்றேன்.

ரெடி என்றார்கள். ஜோயல் போய் அவனுக்குக் காட்டின இடத்தில் நின்றான். வண்டி கிளம்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். பொன்சிங் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இருந்தான். பிறகு இறங்கினான். நேராக ஜோயலிடம் நடந்து போனான். சைக்கிளின் ஹேண்டிலைப் பிடித்து, அவனையும் சேர்த்து மெதுவாகத் தள்ளிக்கொண்டு போய், வெள்ளைக் கோட்டையும் தாண்டி, செம்மண்ணில் நிறுத்தினான்.

“இங்கன வந்தான். ரோட்டுலயே இல்ல. மண்ணுல வந்தான்.”

நான் அவன் முன்னால் போய் நின்றேன். டைட்டஸ் போன பிறகு அவனோடு நான் பேசுவது அதுதான் முதல் தடவை.

“குறுக்க வந்தானா?”

“வரலக்கா.”

“பின்ன?”

“நான் கண்ணசந்துட்டேன். தூத்துக்குடியில லோடு எறக்கிட்டுத் தூக்கமில்லாம வந்தேன். மணிச் சத்தங் கேட்டுத்தான் முழிச்சேன். அதுக்குள்ள...”

தரையில் உட்கார்ந்துவிட்டான். பெரிய ஆள், தலை என் இடுப்புக்கு இருந்தது. பொய் சொன்னவனைப் பார்த்தால் காறித் துப்புவேன் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். எனக்கு வேறு ஒன்றுதான் கேட்கத் தோன்றியது. அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

“பேசுனானா?”

“ஒரு வார்த்த பேசுனான்.”

“என்ன?”

“சைக்கிளு என்னாச்சு அண்ணேன்னு கேட்டான். ஒண்ணும் ஆகல தம்பி, நல்லாத்தான் இருக்குன்னு சொன்னேன்.”

பனைகளுக்கு நடுவில் காற்று சும்மா அடித்துக்கொண்டிருந்தது.

“நல்லாச் சொன்ன” என்றேன்.

அப்புறம் சொன்னேன்: “ஸ்டேஷன்ல சொன்ன பொய்ய ஊரே நம்பிட்டு. இங்கன சொன்னத இந்த நாலு பேருதான் கேட்டோம். ஞாயித்துக்கெழம கோயில்ல எந்திச்சு நின்னு சொல்லு.”

சொல்லுகிறேன் என்றான்.

கேமரா ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அணைக்க வேண்டும் என்று பிரின்ஸுக்குத் தோன்றவில்லை. திரும்பி வரும்போது ஜெனிட்டா கேட்டாள், இதை வைத்துக்கொள்ளட்டுமா, அழித்துவிடவா, இனி உங்களிடம் கேட்காமல் ஒன்றும் செய்ய மாட்டேன் என்று. மண்ணில் வந்தான் என்று அவன் சொன்னானே, அதுவரை வைத்துக்கொள் என்றேன். அதற்கு மேல் படத்துக்கு இல்லை. அது எனக்கு.

ஜூன் 15, சனி

மழை. படப்பிடிப்பு இல்லை. பகலெல்லாம் தூங்கினேன்.

ஜூன் 16, ஞாயிறு

அறிவிப்பு வாசிக்கிற நேரத்தில் பொன்சிங் எழுந்தான். போதகருக்குத் தெரியாது. என்ன பொன்சிங், ஏதாவது ஜெப விண்ணப்பமா என்று கேட்டார். ஆமாம் என்று முன்னால் வந்தான். அவன் பெண்டாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டைட்டஸ் ரோட்டுக்கு வெளியே மண்ணில்தான் வந்தான், நான் தூங்கிவிட்டேன், ஸ்டேஷனில் பொய் எழுதிக் கொடுத்தேன், நாளைக்குப் போய் உண்மையை எழுதிக் கொடுக்கப் போகிறேன், என்ன வந்தாலும் வரட்டும் என்றான். பெண்கள் பக்கம் திரும்பினான். “சுகிர்தக்கா என்ன மன்னிக்கணும்” என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றான். ரோஸ்லெட் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போது நான் எழுந்து நின்று ஏதாவது செய்ய வேண்டும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். கடைசி வரிசையில் ஜெனிட்டா மட்டும் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேமரா கொண்டுவரவில்லை.

நான் எழுந்திருக்கவில்லை. ரோட்டுக்கு வெளியே மண்ணில்தான் வந்தான் என்று அவன் சொன்னதை மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் எனக்கு வேறு எதற்கும் இடம் இல்லை.

முடிந்து வெளியே வரும்போது வாசலில் போதகர் என் கையைப் பிடித்தார். படப்பிடிப்புக்குக் கோயில் சாவியை அந்தப் பிள்ளையிடமே கொடுத்துவிட்டேன் என்றார். எப்படி வேண்டுமானாலும் எடுக்கட்டும் என்றார். அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“இப்ப மன்னிச்சிட்டேன்னு எடுத்துக்கிடலாமா சுகிர்தம்?”

“இன்னைக்குத்தானய்யா அவன் கேட்டிருக்கான். நான் என்ன பதில் சொல்லுதேன்னு எல்லாரும் கொஞ்சம் பொறுத்துப் பாருங்க.”

வெளியே சின்னப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒருத்தி தன் மகனை அதட்டினாள், ஏலே, டைட்டஸ் மாதிரி ஓரமாப் போ என்று. பழக்கத்தில் பாதி பழையது வந்துவிட்டது. மீதி சரியாக வந்தது. நான் நின்று கேட்டுவிட்டு நடந்தேன்.

நாளைக்குப் பொன்சிங் ஸ்டேஷனுக்குப் போகிறான். நானும் போகிறேன். சரியாக எழுதுகிறானா என்று பார்க்க வேண்டும். வர மத்தியானம் ஆகலாம். படக்காரப் பிள்ளைகள் பசியோடு இருப்பார்கள். விடிந்ததும் அடுப்பு மூட்டினால்தான் சரியாக வரும்.